அம்மம்மாவின் றங்குப்பெட்டி: கழுவுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். வெள்ளவத்தை வீட்டை ஒதுக்கும்போது அம்மம்மாவின் றங்குப்பெட்டி திறக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு கூறை, நான்கு சாறிச் சட்டைகள், அம்மப்பாவின் வெள்ளை ட்ரில் கோட்டு, ஒரு குழந்தைச் சட்டை, நைந்துபோன வாயில் (மெல்லிய பருத்தி) சேலைகள் இரண்டு, ஒரு நைலெக்ஸ் (நைலோன்) சேலை. எந்தக் காலத்தவை, கழுவி அயன் பண்ணி வைக்கலாமா, இவற்றை வைத்து அவர்களைப் பற்றி ஏதாவது அறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய அறியலாம். ஆனால் இப்போதே கழுவினால் அதில் பாதி தண்ணீரோடு போய்விடும். அயன் பண்ணினால் மீதியிலும் பாதி போகும். பழைய மடிப்புக் கோடு, கறை, தையல் பிரித்த இடத்து ஊசித் துளை, கஞ்சி, மை எல்லாமே தடயங்கள். ஆகவே முதலில் பார்க்க வேண்டும், அடுத்துப் படம் எடுத்துக் குறிக்க வேண்டும். கழுவுவதா இல்லையா என்பது அதற்குப் பிறகுள்ள பேச்சு. பிரிந்து தொங்கும் நூலையும் வெட்டாதீர்கள்.

இன்னொன்று. எல்லாரும் பெட்டியைத் திறந்தவுடன் கூறையைத்தான் விரிப்பார்கள். அதைக் கடைசிக்கு விடுங்கள். கூறை ஊரும் உறவும் எதிர்பார்த்தபடி வாங்கப்பட்டது. உடுத்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரே பத்தாண்டில் எடுத்த பத்துக் கூறைகளை அடுக்கினால் பத்தும் ஒரே கதையைத்தான் சொல்லும். சாறிச் சட்டையும் கோட்டும் அப்படியில்லை. அவை ஒரே ஒரு உடம்புக்கு வெட்டப்பட்டு, அந்த உடம்பு மாற மாறத் திருத்தப்பட்டவை.

பார்ப்பதற்கு ஒரு மேசை, கஞ்சி போடாத வெள்ளை விரிப்பு, அளவு நாடா, கைபேசிக் கமரா, சின்ன டோர்ச், கண்ணாடி வில்லை ஒன்று போதும். கைகளைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள். கிறீம் பூச வேண்டாம். பூஞ்சண வாடை அடித்தால் முகக்கவசம் கட்டாயம். பெட்டியில் எது மேலே, எது கீழே, எதற்குள் எது சுருட்டியிருந்தது என்பதை எடுக்கும்போதே படம் பிடியுங்கள். குழந்தைச் சட்டை கூறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தால் அது தற்செயலாக நடந்திருக்காது. பொக்கெற்றுகளைத் தடவிப் பாருங்கள். பழைய ரயில் டிக்கெற், ஊசி குத்திய தாள், விபூதிப் பொட்டலம் எது கிடைத்தாலும் எந்தப் பொக்கெற்றில் கிடைத்தது என்று எழுதி அதனுடனேயே வையுங்கள்.

சாறிச் சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்புங்கள். இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே விட்டிருக்கும் துணியைப் பாருங்கள். டோர்ச்சை மேலிருந்து அடிக்காமல் மேசையோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தால், இப்போதைய தையலுக்கு இணையாகப் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். வெளியே இருந்த துணி வெளிறி, உள்ளே மடிந்திருந்த துணி பழைய நிறத்தோடு இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோடுதான் பழைய தையல் போன இடம். முன் துண்டிலும் பின் துண்டிலும் அரை அங்குலம் விட்டுத் தைத்திருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம், இரு பக்கமும் சேர்ந்து இரண்டு அங்குலம் சட்டை பெருத்திருக்கிறது. துளை வரிசை மூன்றிருந்தால் மூன்று தடவை. தையல் உள்ளே நகர்ந்திருந்தால் உடம்பு மெலிந்தது, அல்லது சட்டை இன்னொருவருக்குக் கைமாறியது. எது என்பதைத் தோளும் கையும் சொல்லும். உடம்பு மெலிந்தாலும் தோளின் அகலம் அவ்வளவாகக் குறையாது. தோள் தையலையும் பிரித்துச் சுருக்கியிருந்தால் அது தங்கைக்கோ மகளுக்கோ போன சட்டை.

கமக்கட்டில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைத்திருக்கிறதா? கை தூக்கி வேலை செய்ய இடம் கொடுப்பதற்கும், வியர்வையில் முதலில் இற்றுப்போகும் இடத்தை மட்டும் மாற்றுவதற்கும் அது வசதி. அந்தத் துண்டு வேறு துணியாக இருந்தால் மாற்றியிருக்கிறார்கள். முன்பக்கக் கொளுக்கிகளையும் கவனியுங்கள். மேல் இரண்டும் புதிது, கீழ் மூன்றும் பழையதென்றால் இழுபட்டது மேலே. முன்புறத் திறப்பின் ஓரங்கள் மட்டும் தேய்ந்து, மார்புப் பக்கத்தில் மஞ்சள் படிந்த வட்டங்கள் இருந்தால் பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்துச் சட்டை என்று கொள்ளலாம். உள் ஓரத்தில் மங்கிய அச்செழுத்துத் தெரிந்தால் அது கோதுமை மாப் பைத் துணியாக இருக்கக்கூடும். அதை வறுமை என்று உடனே எழுதிவிடாதீர்கள். துணி கிடைக்காத ஆண்டுகளில் வசதியான வீடுகளிலும் உள்ளே வருவதற்கு அதைத்தான் போட்டார்கள்.

கை நீளத்தையும் கழுத்து வெட்டையும் வைத்து ஆண்டு சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பழைய குடும்பப் படங்களில் ரேந்தை வைத்த நீளக் கையும் பின்னாளில் குட்டைக் கையும் வருவது உண்மைதான். ஆனால் நாற்பது வயதில் பழகிய வெட்டை எழுபது வயதிலும் அதே தையற்காரரிடம் தைப்பித்தவர்கள் ஏராளம். வெட்டு ஆளின் வயதைக் காட்டலாம், சட்டையின் வயதைக் காட்டாது.

காலத்தைப் பிடிக்க ஒரு விதி போதும். உடுப்பில் உள்ளவற்றில் எது மிகப் பிந்தியதோ, அதற்கு முன்னால் அந்த உடுப்பு இன்றைய வடிவத்தில் இருந்திருக்க முடியாது. நைலோன் சிப் வைத்த சட்டை, துணி எவ்வளவு பழையதானாலும், நைலோன் சிப் வந்த பிறகே முடிக்கப்பட்டது. பொலியெஸ்ரர் நூலால் தைத்த ஓரம் 1930களில் தைக்கப்பட்டதாக இருக்க வழியில்லை. எதிர்த்திசையில் இந்த விதி ஓடாது. கைத்தையலாக இருப்பதாலேயே சட்டை பழையதாகிவிடாது. சிங்கர் நிறுவனம் 1877இலேயே கொழும்பில் தையல் மெசின் விற்க வந்துவிட்டது. ஆனால் மெசின் உள்ள வீட்டிலும் ஓரமடிப்பைக் கையால் தைத்தார்கள்.

நாணயத்தாள் பரிசோதிக்கும் ஊதா விளக்கு புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும். இருட்டறையில் அதைப் பிடித்தால், வெண்மையூட்டி சேர்ந்த நூலும் துணியும் நீலமாக ஒளிரும். அந்த வகை இரசாயனங்கள் இரண்டாம் உலகப் போரை ஒட்டியே பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. சட்டை முழுதும் ஒளிர்ந்தால் அதற்குப் பெரிய அர்த்தமில்லை, சலவைத் தூளில் ஒருமுறை கழுவியிருந்தாலே ஒளிரும். துணி மங்கலாக இருந்து ஒரு தையல் வரி மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அந்தத் தையல் பிந்தியது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத திருத்தங்களை இது நொடியில் காட்டும்.

அம்மப்பாவின் கோட்டுக்கு வருவோம். பெட்டியில் என்னைக் கேட்டால் இதுதான் முதலிடம். வெள்ளை ட்ரில் என்பது கெட்டியான சாய்வரி நெசவுப் பருத்தி. கொழும்பு அலுவலகங்களில் எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் கஞ்சி போட்டு விறைப்பாக உடுத்தது. தெறிகள் தைக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது இரண்டு பக்கமும் வட்டத் துளை மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். துளை மட்டும் இருந்தால் காம்புள்ள தெறியைத் துளையில் நுழைத்து உள்ளே சின்ன வளையத்தால் மாட்டியிருக்கிறார்கள். கல்லில் அடித்துத் துவைக்கும்போது தெறி உடையாமலிருக்க, சலவைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைப்பார்கள். பெட்டியின் அடியிலோ தையல் டப்பாவிலோ அந்தத் தெறிகள் கிடக்கலாம், தேடிப் பாருங்கள். சிப்பித் தெறியை உதட்டில் வைத்தால் குளிரும், பின்புறம் கரடுமுரடாக இருக்கும். பிளாஸ்ரிக் அப்படிக் குளிராது.

கொலரின் உட்புறத்திலும் இடுப்பு ஓரத்திலும் கறுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். அழுக்கென்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். அது சலவைக் குறி. பல வீட்டு உடுப்புகள் ஒன்றாக வேகும்போது கலந்துவிடாமலிருக்க, வீட்டுக்கு ஒரு குறியாகச் சேங்கொட்டைச் சாறு போன்ற அழியாத மையால் போடுவது. இரண்டு புள்ளி ஒரு கோடு, மூன்று புள்ளி ஒரு வளைவு என்று ஒவ்வொரு சலவைக்காரருக்கும் தனிக் கணக்கு. குறியைப் படித்துப் பெயர் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒப்பிடலாம். கோட்டிலும் சேலைகளிலும் ஒரே குறி இருந்தால் அவை ஒரே காலத்தில் ஒரே வீட்டிலிருந்து போனவை. ஒரே கோட்டில் இரண்டு மூன்று விதமான குறிகள் இருந்தால் சலவைக்காரர் மாறியிருக்கிறார், பெரும்பாலும் வீடும் மாறியிருக்கும். அம்மப்பா அரசாங்க உத்தியோகத்தர் என்றால் இடமாற்றங்களோடு சேர்த்துப் பாருங்கள். எது முந்தியது என்பதை மங்கியிருக்கும் அளவு காட்டும். சேலையின் குறி பெரும்பாலும் உள்முனை மூலையில் இருக்கும்.

அடுத்து வலது கை ஓரம். மணிக்கட்டுக்கு மேலே உட்புறம் தேய்ந்து, மைப் பொட்டுகள் இருந்தால் நாள் முழுக்க மேசையில் எழுதிய கை. இரண்டு முழங்கையும் பளபளத்திருந்தால் உட்கார்ந்த வேலை. ஒரு தோள் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தத் தோளில் ஏதோ தொங்கியிருக்கிறது. மார்புப் பக்கத்தில் சின்னப் பொக்கெற்றும் அதற்கு நேரே தெறியில்லாத ஒரு துளையும் இருந்தால் சங்கிலிக் கடிகாரம் வைத்திருந்தார். இந்த ஊகங்களில் ஒன்று தனித்து நின்றால் நம்ப வேண்டாம். மூன்று ஒரே பக்கம் சாய்ந்தால் எழுதி வையுங்கள்.

கொலருக்குக் கீழோ உள் பொக்கெற்றிலோ தையற்கடை லேபல் இருந்தால் அதிர்ஷ்டம். ‘சிலோன்’ என்று இருந்தால் 1972 மே மாதத்துக்கு முந்திய லேபல். பழைய லேபல் கையிருப்பைத் தீரும்வரை பயன்படுத்திய கடைகளும் இருந்ததால் ஓரிரு ஆண்டு சலுகை கொடுங்கள். தெருப் பெயரும் உதவும். ‘நொறிஸ் றோட்’ என்றால் அது ஒல்கொட் மாவத்தையாவதற்கு முந்தியது, ‘டரட் றோட்’ என்றால் தர்மபால மாவத்தையாவதற்கு முந்தியது. கடை எந்த ஆண்டுகளில் எந்த முகவரியில் இருந்தது என்பதை ஃபேர்குசன் டிரெக்டறி என்ற பழைய முகவரி நூலின் தொகுதிகளில் ஆண்டாண்டாகத் தேடலாம். கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையில் காகில்ஸ், வைட்டவே லேட்லோ போன்ற பெரிய கடைகளின் லேபல் இருந்தால் அது சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறது. லேபலே இல்லாவிட்டால் மெயின் வீதியில் துணி எடுத்து அயலிலுள்ள தையற்காரரிடம் கொடுத்திருப்பார்கள். அதுதான் வழமை.

கோட்டோடு தலைப்பாகை இருந்ததா என்று தேடிப் பாருங்கள். அட்டையில் சுற்றித் தைத்த தயார் தலைப்பாகைகள் தொப்பியைப் போல எடுத்து வைப்பவை. அந்நாளைய கொழும்பில் தலையில் என்ன வைக்கிறோம் என்பது சின்ன விடயமல்ல. 1905இல் உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணி அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு வழக்காடத் தலைமை நீதியரசர் லேயார்ட் தடை விதித்தார். அது முஸ்லிம்களின் பெரும் போராட்டமாகி, அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் கண்டனக் கூட்டம் நடந்தது. பின்னர் தொப்பி அனுமதிக்கப்பட்டது. அதே 1905இல்தான் ஆனந்த குமாரசுவாமி தலைவராக இருந்த இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம், ஐரோப்பிய உடையைக் கண்மூடிப் பின்பற்றுவதை எதிர்த்துப் பேசத் தொடங்கியது. கோட்டுக்குக் கீழே வேட்டியா களிசானா என்பதும் இந்த வாக்குவாதத்துக்குள் வருவதுதான். பெட்டியில் கோட்டு இருந்து அதே வெள்ளை ட்ரில்லில் களிசான் இல்லையென்றால் வேட்டியோடு போட்டிருக்கலாம். கோட்டின் உள் கீழ்ப்பகுதியில் பெல்ட் உரசிய கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வேட்டி கொழும்புத் தெருவிலிருந்து வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒதுங்கியதற்கு நாகரிகம் மட்டும் காரணமில்லை. 1958, 1983 இனக் கலவரங்களில் உடையே ஆளை அடையாளம் காட்டிக் கொடுத்தது. அந்த ஆண்டுகளுக்கு முந்திய உடுப்பு ஒரு கொழும்புத் தமிழ் வீட்டில் எஞ்சியிருப்பதே அரிது. கருகிய ஓரமோ புகைக் கறையோ இருந்தால் அதைச் சுத்தம் செய்யாதீர்கள்.

குழந்தைச் சட்டையில் கீழ் ஓரத்துக்கு மேலே மடிப்புத் தையல்கள் இரண்டு மூன்று வரிசை இருக்கும். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து நீளமாக்க விட்டவை. பிரித்த இடத்தில் வெளிறாத கோடு ஒன்றும், பழைய ஓரம் தேய்ந்த கோடு ஒன்றும் நிற்கும். கோடுகளுக்கிடையிலுள்ள தூரம் பிள்ளை வளர்ந்த அளவு. கழுத்து மாறாமல் நீளம் மட்டும் மூன்று தடவை கூடியிருந்தால் ஒரே பிள்ளை பல காலம் போட்டது. கழுத்தையும் வெட்டிப் பெருப்பித்திருந்தால் அடுத்த பிள்ளைக்கும் போயிருக்கிறது. ஓரத்தில் சரிகைக் கரை தைத்திருந்தால் அந்தக் கரை எந்தச் சேலையிலிருந்து வெட்டியது என்று மற்றச் சேலைகளோடு ஒப்பிடுங்கள்.

நைந்த வாயில் சேலைகளை எறிய நினைத்திருப்பீர்கள். எறியாதீர்கள், அன்றாட உடுப்பு எஞ்சுவது அபூர்வம். நல்ல சேலை பெட்டிக்குப் போகும். வீட்டுச் சேலை கிழிந்து குழந்தைத் துணியாகி, கைபிடித் துணியாகி, கடைசியில் திரியாகும். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் தலையில் போட்ட கம்பளியும் இடுப்பில் கட்டிய படங்கும் எத்தனை பெட்டிகளில் இருக்கின்றன? விலை பிடித்துக்கொண்டு கொடுத்த கம்பளி, கந்தலாகும்வரை உழைத்துவிட்டே போனது.

சேலையை நீளவாக்கில் விரித்து, தேய்ந்த இடங்களை உள்முனையிலிருந்து அங்குலக் கணக்கில் குறியுங்கள். இப்போதைய கட்டில் உடுத்தியிருந்தால் உள்முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு யார் தள்ளிக் கொசுவம் வரும் பகுதியின் கீழ்க்கரை, காலில் தட்டித் தேய்ந்திருக்கும். தோளில் வரும் இடத்தில் ஊசி குத்திய துளைகளும் துருவும் இருக்கும். கொய்யகம், அதாவது மடித்துச் செருகும் சேலை முனை, வைத்துக் கட்டிய பழைய கட்டாக இருந்தால் தேய்மானம் வேறு இடங்களில் கூடும், தோள் ஊசித் துளையும் இராது. சேலையின் நடுவே குறுக்காக ஒரு தையல் ஓடினால், நைந்த பகுதி உள்ளே போகும்படி வெட்டி மாற்றித் தைத்திருக்கிறார்கள். இரண்டு முனையிலிருந்தும் ஒரு யார் அளவில் கயிறாக முறுக்குண்ட சுருக்கங்களும், நடுவில் இழை இளகித் தொய்ந்த பகுதியும் இருந்தால் அது குழந்தைக்கு ஏணையாகத் தொங்கிய சேலை. அந்தச் சுருக்கத்தை நீவி எடுக்க வேண்டாம். எந்தக் கூறையையும் விட அம்மம்மாவின் வீட்டுக்குள் நம்மைக் கூட்டிப்போவது அதுதான்.

துணி என்னவென்று தெரியாவிட்டால் எரித்துப் பார்க்கலாம். உள் தையலிலிருந்து அரை அங்குல நூல், பாவிலிருந்து (நீளவாட்டு இழை) ஒன்று, ஊடையிலிருந்து (குறுக்கு இழை) ஒன்று, தனித்தனியே எடுங்கள். குறட்டால் பிடித்துப் பீங்கான் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி கடதாசிபோல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடை வீசி, கையால் நசுக்கினால் தூளாகும் கறுப்பு உருண்டையாகும். நைலோனும் பொலியெஸ்ரரும் உருகிக் கெட்டி மணியாக இறுகும். பார்வைக்குப் பட்டுப்போலப் பளபளத்துக் கடதாசிபோல எரிந்தால் அது ரேயோன், அந்நாளைய ‘செயற்கைப் பட்டு’. நனைந்தால் அதன் பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஆகவே கழுவக்கூடாது.

துணியின் வகை சந்தையின் வரலாற்றோடு பொருந்தும். 1930களில் மலிவான ஜப்பானியத் துணி கொழும்பில் குவிந்தது. பிரித்தானிய ஆலைகளைக் காப்பாற்ற 1934இல் அதற்கு ஒதுக்கீட்டு வரம்பு வந்தது. அரசாங்க சபை உடன்படாமலே லண்டனிலிருந்து கட்டளையாக வந்த வரம்பு அது. உள்ளூரில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்தது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இடதுசாரி இயக்கத்தின் தொடக்கப் போராட்டங்களில் ஒன்று. தொழிலாளரில் பெரும்பாலோர் மலையாளிகள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. அந்தக் காலத்தில் உள்ளூர்க் கைத்தறி, மருதமுனைச் சாரம், அரசாங்கத் துணி நிறுவனமான சலுசலவின் துணி என்று வாழ்ந்தார்கள். உங்கள் நைலெக்ஸ் சேலை அந்த ஆண்டுகளில் வந்ததென்றால் எப்படி வந்தது என்று வீட்டில் மெதுவாகக் கேளுங்கள். இந்தியச் சேலைகள் எல்லாமே சுங்கத்தின் வழியாக வரவில்லை.

கூறையை இப்போது விரிக்கலாம். கரையும் உடலும் சேரும் இடத்தைப் பின்புறமாகப் பாருங்கள். இழைகள் பல்பல்லாகக் கோத்துக்கொண்டிருந்தால் கரைக்குத் தனி நாடா ஓடிய கோர்வை நெசவு. தலைப்புத் தொடங்கும் இடத்தில் விரலால் தடவ மெல்லிய தடிப்புப் பட்டை தட்டுப்பட்டால், உடலின் பாவோடு தலைப்பின் பாவை முறுக்கி இணைத்த வேலை. இரண்டும் இருந்தால் காஞ்சிபுர முறைத் தறி. சரிகையைச் சோதிக்க வெட்ட வேண்டியதில்லை. ஏற்கனவே தேய்ந்த இடத்தை வில்லையில் பாருங்கள். பட்டு நூலில் வெள்ளித் தகடு சுற்றிப் பொன்முலாம் பூசியது அசல். தேய்ந்த இடத்தில் வெள்ளியும், அதன் கீழே சிவப்போ மஞ்சளோ நிறப் பட்டும் தெரியும். செம்பிருக்கும் சரிகை பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும். தட்டையான பிளாஸ்ரிக் நாடாபோல இருந்து கறுக்காமலே பளபளத்தால் பிற்கால உலோகப் பூச்சு நூல். கறுப்பு, கபில நிறக் கட்டங்களில் மட்டும் இழை உதிர்ந்து சிவப்பு உறுதியாக நின்றால், பூச்சி அரித்ததாக நினைக்க வேண்டாம். இரும்பு சேர்த்த கறுப்புச் சாயம் காலப்போக்கில் நூலையே தின்றுவிடும். அதைத் தடுக்க வீட்டில் வழியில்லை, அசைப்பதைக் குறைக்கலாம்.

கூறை எஞ்சியிருப்பதிலும் ஒரு செய்தி இருக்கலாம். சுமங்கலியாகக் காலமானவரைக் கூறை உடுத்தி வழியனுப்பும் குடும்பங்களில், கூறை அவரோடு போய்விடும். உங்கள் வீட்டில் அந்த வழக்கம் இருந்ததா, அம்மப்பா முந்திப் போனாரா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெட்டியில் கரையில்லாத வெள்ளைச் சேலை ஒன்றும் இருந்திருந்தால் கேட்காமலே விளங்கும்.

பழைய குடும்பப் படங்களோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. பிளாட்டே போன்ற கொழும்பு ஸ்டூடியோக்களின் அட்டையில் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும், காலம் குறிக்க அது உதவும். ஆனால் படத்திலுள்ள கோட்டு இரவலாக இருக்கலாம். தெறிகளின் எண்ணிக்கை, பொக்கெற் இருக்கும் உயரம், கொலரின் முனை மூன்றும் பொருந்தினால்தான் அதே கோட்டு என்று சொல்லுங்கள்.

இனிக் கழுவுதல். கூறையையும் சரிகை உள்ள எதையும் கழுவ வேண்டாம், டிரை கிளீனிங்குக்கும் கொடுக்க வேண்டாம். நைலெக்ஸுக்கு அவசரமில்லை. கோட்டில் மைக்கறையும் சலவைக் குறியும் இருப்பதால் அப்படியே விடுங்கள். ஆனால் கஞ்சி நிறைய இருந்தால் வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் அதைத் தேடி வரும், அதனால் அதைத் தனிப் பெட்டியில் வையுங்கள். கழுவக்கூடியது ஒருவேளை வாயில் சேலை ஒன்று. மறைவான இடத்தில் ஈரப் பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள், ஒவ்வொரு நிறத்திலும். பஞ்சில் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்துங்கள். ஏறாவிட்டால் சேலையை வலைத்துணியில் கிடத்தி, அகலமான தொட்டியில் 5 லீற்றர் வடிகட்டிய தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான, மணமற்ற திரவ சோப்பு என்ற கணக்கில் இருபது நிமிடம் ஊற விடுங்கள். தண்ணீர் தேயிலைச் சாயம்போல் வரும், அது இற்ற பருத்தியின் அமிலம், வந்தால் நல்லது. நான்கு தடவை தண்ணீர் மாற்றி, வலையோடு தூக்குங்கள். பிழிய வேண்டாம். துவாயில் பரப்பி நிழலில் உலர விடுங்கள். துருக் கறைக்குத் தேசிக்காயும் உப்பும் போடுவதும், வெளுப்புத் திரவம் ஊற்றுவதும் பலர் செய்வது. கறை போன இடத்தில் சில மாதத்தில் ஓட்டை விழும்.

கொழும்பில் ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். 65ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்கு வழி திறந்துவிடும். காலி வீதிக்குக் கடற்பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றும் சேர்ந்து சரிகையைக் கறுக்க வைக்கும். பழைய றங்குப்பெட்டி துருவை உடுப்பில் பதிக்கும், மர அலுமாரி அமிலத்தைக் கசியும். இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி வாங்குங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருப்பது பொருத்தம், 3 என்று இருப்பதை எடுக்காதீர்கள். 45 லீற்றர் பெட்டிக்கு அரைக் கிலோ சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை, துணிப் பையில் கட்டி வையுங்கள். நிறம் மாறியதும் அவணில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அந்து உருண்டையைச் சரிகைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். றப்பர் பாண்ட் எதையும் போட வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும்.

பூச்சி இருக்குமென்ற சந்தேகம் வந்தால் உடுப்பை இரண்டு பொலித்தீன் பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டி, டீப் பிரீசரில் சைபருக்குக் கீழ் 18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் துணியில் இறங்கும்.

கூறையை மடிப்பதைவிடச் சுருட்டுவது மேல். துணிக் கடைகளில் கேட்டால் அட்டைக் குழாய் கிடைக்கும். அதைச் சமையலறை அலுமினியத் தாளால் மூடி, மேலே இரண்டு தடவை கழுவிய கோரா மல்துணியைச் சுற்றி, சரிகை முகம் வெளியே வருமாறு தளர்வாகச் சுருட்டுங்கள். இடமில்லாமல் மடித்தால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் மல்துணியைச் சுருட்டி வைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை மடிப்பின் இடத்தை மாற்றுங்கள். காற்றாட விடுவதற்கு ஜனவரி, பெப்ரவரிதான் நல்ல காலம், காலையில் நிழலில் ஒரு மணி நேரம் போதும். ஏப்ரல், மே, ஒக்டோபர், நவம்பர் மழையில் பெட்டியைத் திறக்காமலிருங்கள். சாறிச் சட்டைகளின் கொளுக்கிகளுக்கிடையில் மல்துணித் துண்டு வையுங்கள், துரு மற்றப் பக்கத்துக்குப் பதியாது.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு அங்குல வெள்ளைப் பருத்தி நாடா வெட்டி, பென்சிலால் ஒரு எண் எழுதி, துணியை ஊடுருவாமல் தையலுக்குள் இரண்டு தளர்ந்த இழையால் பிடியுங்கள். அதே எண்ணில் ஒரு கொப்பியில் அளவுகள், ஊசித் துளை வரிசைகள், குறிகள், யார் என்ன சொன்னார்கள், எந்தத் திகதியில் சொன்னார்கள் என்பதை எழுதுங்கள். நீங்கள் கண்ணால் கண்டது ஒரு பக்கம், ஊகம் எதிர்ப்பக்கம். கூறையின் சரிகையை உருக்கி வெள்ளி எடுக்க விலை பேசி யாராவது வந்தால், கரையை மட்டுமாவது வெட்டிக் கேட்பார்கள். அதற்கு முன் தலைப்பையும் இணைப்புப் பட்டையையும் பின்புறத்தோடு சேர்த்துப் படமெடுத்திருக்க வேண்டும்.